வடமும் வாய்மையும்

நுழையும்முன்

நாள்தோறும் நாம் நம்பியிருக்கும் பொருள்களுள் பல, நம் கண்ணுக்குப் புலப்படாதவை. மின்தூக்கியில் ஏறுபவர் அதனைத் தாங்கும் வடத்தைப் பார்ப்பதில்லை. தொங்குபாலத்தைக் கடப்பவர் அதன் கம்பிகள் எங்கே, எவரால் செய்யப்பட்டன என்று வினவுவதில்லை. செய்தவரின் திறனையும் நேர்மையையும் நம்பியே அடியெடுத்து வைக்கிறோம். அந்த நம்பிக்கை எவ்வாறு உருவாகிறது? எவ்வாறு காக்கப்படுகிறது? நூறாண்டுகளுக்கு மேல் இயங்கிய அமெரிக்கக் கம்பி நிறுவனம் ஒன்றின் வரலாறு இவ்வினாக்களுக்கு விடை தருகிறது.

திருவிழா நாளில் தேரை இழுக்கும் வடத்தைக் கண்டிருப்பீர்கள். தனியே எடுத்தால் விரலால் அறுத்துவிடக்கூடிய நார்கள் புரிகளாகத் திரிக்கப்படுகின்றன. புரிகள் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டு வடமாகின்றன. அவ்வடம் பல டன் எடையுள்ள தேரை அசைத்து நகர்த்துகிறது. நாரைத் திரித்துக் கயிறாக்குதல் மாந்தர் கண்ட மிகப் பழைய கலைகளுள் ஒன்று. அந்த நாரின் இடத்தில் இரும்புக் கம்பியை வைத்தால் என்ன என்னும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றியது. செருமனியின் ஆர்சு மலைப்பகுதியில், சுரங்கங்களில் பயன்படுத்துவதற்காக வில்லெம் ஆல்பர்ட் என்பவர் 1834ஆம் ஆண்டில் கம்பிவடத்தை உருவாக்கினார். அவ்வெண்ணத்தை அமெரிக்க மண்ணில் பெருந்தொழிலாக வளர்த்தவர் ஜான் ரோப்ளிங். அவர் தொடங்கி, அவருடைய மக்கள் வளர்த்த நிறுவனமே ‘ஜான் ஏ. ரோப்ளிங் புதல்வர்கள் குழுமம்’ ஆகும்.

மலைச்சரிவில் அறுந்த கயிறுகள்

ஜான் ரோப்ளிங் 1806ஆம் ஆண்டு, இன்றைய செருமனியிலுள்ள மூல்ஹவுசன் நகரில் பிறந்தார். பெர்லினில் பொறியியல் பயின்றார். 1831இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, பென்சில்வேனியா மாநிலத்தில் சாக்சன்பர்க் என்னும் சிற்றூரை உடன்வந்தோருடன் சேர்ந்து அமைத்தார். அங்கு அவர் மேற்கொண்ட வேளாண்மை அவருக்குக் கைகொடுக்கவில்லை. எனவே, நிலஅளவைப் பொறியாளராக மாநில அரசின் பணியில் சேர்ந்தார்.

அக்காலத்தில் பென்சில்வேனியாவின் சரக்குப் போக்குவரத்து பெரும்பாலும் கால்வாய்கள் வழியாகவே நடைபெற்றது. கால்வாயின் குறுக்கே அலிகெனி மலைத்தொடர் நின்றது. படகு மலையேறாது, ஆகவே, மலையின் மீது ஏறத்தாழ 58 கிலோமீட்டர் நீளத்திற்கு இருப்புப்பாதை அமைத்தனர். அதில் பத்துச் சரிவுப்பாதைகள் இருந்தன. சரிவின் உச்சியில் நிறுவப்பட்ட நீராவிப்பொறி, தடித்த சணல் வடத்தால் சரக்குப்பெட்டிகளை மேலே இழுத்தது. மழையிலும் பனியிலும் நனைந்து தேய்ந்த அவ்வடங்கள் விரைவில் நைந்துபோயின. சுமையேற்றிய பெட்டி சரிவின் நடுவே இருக்கும்போது வடம் அறுந்தால் விளைவு கொடியது, உயிர்களும் பறிபோயின.

இந்நிலையைக் கண்ட ரோப்ளிங், கம்பியாலான வடம் நெடுநாள் உழைக்கும் என்று கருதினார். 1841ஆம் ஆண்டு, சாக்சன்பர்க்கில் தம் வீட்டை அடுத்த புல்வெளியையே கயிறு திரிக்கும் களமாக்கினார். அண்டை அயலில் வாழ்ந்த உழவர்கள் கூலிக்கு வந்து, நீண்ட களத்தில் கம்பிகளைப் பரப்பிக் கையாலேயே முறுக்கினர். சணல் வடத்தைவிட மெலிந்த அக்கம்பிவடம், சணல் வடத்தைவிடப் பன்மடங்கு காலம் நிலைத்தது. 1842இல் தம் செய்முறைக்குக் காப்புரிமை பெற்றார். சில ஆண்டுகளுக்குள் அம்மலைப்பாதையின் சணல் வடங்களுக்கு மாற்றாகக் கம்பிவடங்கள் வந்தன.

கம்பி உருவாகும் வகை

நிறுவனத்தின் வரலாற்றை அறியுமுன் கம்பி உருவாகும் வகையை அறிதல் நலம். நம்மூர்ப் பொற்கொல்லர்கள் பொன்னைக் கம்பியாக இழுக்கும் முறையும் எஃகாலையில் கம்பி இழுக்கும் முறையும் அடிப்படையில் ஒன்றே. உறுதியான தகட்டில், ஒரு புறம் அகன்றும் மறுபுறம் குறுகியும் இருக்கும் துளைகள் இடப்பட்டிருக்கும். இத்தகடு கம்பியச்சு எனப்படும். தண்டின் நுனியைக் கூராக்கித் துளையில் நுழைத்து மறுபுறத்திலிருந்து இழுத்தால், தண்டு மெலிந்து நீளும். பின்னர் அதைவிடச் சிறிய துளை; பின்னர் அதனினும் சிறிய துளை. இவ்வாறு படிப்படியாகத் தண்டு கம்பியாகிறது.

இதில் எளிய கணக்கு ஒன்று உண்டு. 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டை 4 மில்லிமீட்டர் கம்பியாக இழுத்தால், விட்டம் பாதியாகிறது. குறுக்குவெட்டுப் பரப்போ நான்கில் ஒரு பங்காகிறது. உலோகத்தின் கனஅளவு மாறாது ஆதலால் நீளம் நான்கு மடங்காகிறது. ஒரு மீட்டர் தண்டு, நான்கு மீட்டர் கம்பியாகும்.

மெலிந்த கம்பி வலிமை குன்றியது என்று எண்ணத் தோன்றும். உண்மை அதற்கு மாறானது. குளிர்ந்த நிலையில் இழுக்கப்படும்போது உலோகத்தின் நுண்மணிகள் நீளவாக்கில் நெருங்கி அமைகின்றன. அதனால் ஒரே பரப்பளவுக்கு ஒப்பிட்டால், தண்டைவிடக் கம்பி மிகுதியான இழுவிசையைத் தாங்குகிறது. இழுக்க இழுக்கக் கம்பி விறைத்து, வளையும் தன்மையை இழக்கும் என்பதால், இடையிடையே அதனைச் சூடேற்றிப் பதப்படுத்துவர். அமிலத்தில் தோய்த்து மேற்பரப்பின் கசடு நீக்குவர். துருப்பிடிக்காதிருக்கத் துத்தநாகப் பூச்சு இடுவர்.

ஒரே தடித்த தண்டைப் பயன்படுத்தாமல் பல கம்பிகளைச் சேர்ப்பதற்கு மற்றுமொரு காரணமும் உண்டு. தண்டின் உள்ளே மறைந்திருக்கும் ஒரு வெடிப்பு, தண்டு முழுவதையும் முறித்துவிடும். ஆயிரம் கம்பிகளைக் கொண்ட வடத்தில் ஒரு கம்பி அறுந்தால், எஞ்சியவை அதன் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். ஆனால், இவ்வேற்பாட்டிற்கு ஒரு நிபந்தனை உண்டு: பெரும்பாலான கம்பிகள் குறையற்றவையாக இருத்தல் வேண்டும். பழுதான கம்பிகள் பெருகினால் பகிர்வதற்கு எவையும் எஞ்சா.

தெரிந்து தெளிவோம்

வடங்கள் எல்லாம் முறுக்கப்பட்டவை அல்ல. மின்தூக்கி, பளுதூக்கி முதலியவற்றில் வடம் உருளைகளின் மீது வளைந்து ஓட வேண்டியிருப்பதால் கம்பிகளைப் புரிகளாக முறுக்குவர். பெரிய தொங்குபாலங்களின் முதன்மை வடங்கள் வளைந்து ஓடுவதில்லை. எனவே, அவற்றில் கம்பிகள் முறுக்கப்படாமல் ஒன்றுக்கொன்று இணையாகக் கிடத்தப்படுகின்றன. கம்பியைச் சுமந்த சக்கரம் ஒரு கரைக்கும் மறுகரைக்கும் இடையே பலமுறை சென்று மீண்டு, வடத்தை அவ்விடத்திலேயே நெய்கிறது. இறுதியில் கம்பிகளை நெருக்கி வட்டமாக்கி, மேலே மற்றொரு கம்பியைச் சுற்றி மூடுவர்.

ட்ரென்டன் நகரில் எழுந்த ஆலை

1840களின் இறுதியில் ரோப்ளிங் தம் தொழிலை நியூ ஜெர்சி மாநிலத்தின் ட்ரென்டன் நகருக்கு மாற்றினார். நியூயார்க், பிலடெல்பியா ஆகிய இரு பெருநகரங்களுக்கும் இடையில் அமைந்தது அவ்வூர். கால்வாயும் இருப்புப்பாதையும் அதன் வழியே சென்றன. இரும்பாலையும் அருகிலேயே இருந்தது. மூலப்பொருள் வருவதற்கும் விளைபொருள் செல்வதற்கும் ஏற்ற இடம் அது. ரோப்ளிங் பாலப் பணிகளுக்காக ஊர் ஊராகச் சென்றபோது, சார்லஸ் ஸ்வான் என்னும் கண்காணிப்பாளர் ஆலையை நடத்தினார்.

ரோப்ளிங்கின் இரு தொழில்களும் ஒன்றையொன்று தாங்கின. ஆலையில் உருவான கம்பி பாலங்களுக்கு வலிமை தந்தது. நிலைத்து நின்ற பாலம் ஒவ்வொன்றும் கம்பியின் தரத்திற்குச் சான்றாயிற்று. டெலவர் ஆற்றின் மீது கால்வாய்ப் படகுகள் செல்வதற்கென அவர் கட்டிய தொங்கு நீர்ப்பாலம் இன்றும் சாலைப்பாலமாகப் பயன்படுகிறது. தொடர்வண்டியின் எடையையும் அதிர்வையும் தொங்குபாலம் தாங்காது என்று பொறியாளர் பலர் ஐயுற்ற காலத்தில், நயாகரா ஆற்றின் ஆழ்ந்த பள்ளத்தாக்கின் மேல் 250 மீட்டர் இடைவெளியில் அவர் ஒரு பாலம் அமைத்தார். 1855ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அப்பாலத்தைத் தொடர்வண்டி கடந்தது. 1866இல் ஓகியோ ஆற்றின் மீது சின்சினாட்டி நகரை இணைத்த பாலம், 322 மீட்டர் இடைவெளியுடன் அன்றைய உலகின் மிக நீண்ட தொங்குபாலமாக விளங்கியது.

மின்தந்தி பரவிய காலத்தில் தந்திக்கம்பிகள் தேவைப்பட்டன. உயர்ந்த கட்டடங்கள் எழுந்தபோது மின்தூக்கிகளுக்கு வடங்கள் தேவைப்பட்டன. சுரங்கங்கள், கப்பல்கள், எண்ணெய்க் கிணறுகள், தொலைபேசி, மின்விளக்கு எனப் புதிய தொழில் ஒவ்வொன்றும் கம்பியை நாடியது. காலத்தின் தேவையை அறிந்து ஆலை வளர்ந்தது.

ஆறு மடங்கு உறுதி

நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் தீவையும் புரூக்ளினையும் இணைக்கும் பாலமே ரோப்ளிங்கின் பெருங்கனவு. 486 மீட்டர் இடைவெளியை ஒரே பாய்ச்சலில் கடக்கும் அப்பாலத்திற்கு இரும்புக் கம்பிக்கு மாற்றாக, வலிமை மிக்க எஃகுக் கம்பியைப் பயன்படுத்த அவர் திட்டமிட்டார். தொங்குபால வடத்தில் எஃகுக் கம்பி இடம்பெற்றது அதுவே முதன்முறை.

ஆயின், பணி தொடங்குமுன்னரே அவர் மறைந்தார். 1869ஆம் ஆண்டு சூன் திங்களில் பாலத்திற்கான இடத்தை ஆய்ந்துகொண்டிருந்தபோது, கரையை மோதிய படகினால் அவருடைய கால் நசுங்கியது. புண் வழியே இசிவுநோய் பற்றியது. சூலை 22ஆம் நாள் உயிர்நீத்தார். அவருடைய மூத்த மகன் வாஷிங்டன் ரோப்ளிங் தலைமைப் பொறியாளரானார். ஆற்றின் அடியில், காற்றழுத்தம் மிகுந்த அறைகளில் இறங்கி அடித்தளப் பணியை மேற்பார்த்த அவர், அழுத்த மாறுபாட்டால் விளையும் நோய்க்கு ஆளாகி 1872இல் படுக்கையில் வீழ்ந்தார். அதே அறைகளில் உழைத்த தொழிலாளர் பலரும் அந்நோயால் துன்புற்றனர், சிலர் மாண்டனர். அதன்பின் பாலம் முடியும்வரை வாஷிங்டனின் அறிவுரைகளைப் பணியிடத்திற்கு எடுத்துச் சென்றவர் அவர் துணைவியார் எமிலி வாரன் ரோப்ளிங். பொருள்களின் வலிமை, வட அமைப்பு, கணக்கீடு ஆகியவற்றைத் தாமே கற்றுப் பொறியாளர்களோடு உரையாடினார்.

பாலத்தின் வடங்கள், தாங்க வேண்டிய சுமையைப் போல ஆறு மடங்கு சுமையைத் தாங்கும் வகையில் வடிவமைக்கப்பட்டன. இதனைப் பொறியாளர் காப்பு அளவு என்பர். தேவைக்குமேல் ஏன் இத்துணை வலிமை? கணக்கில் வராத காற்று, எதிர்பாராத கூட்டம், கண்ணுக்குத் தெரியாத குறை, காலம் செய்யும் தேய்மானம் ஆகியவை அனைத்திற்கும் இடம்விட்டு வைப்பதே காப்பு அளவின் நோக்கம். தம் அறிவுக்கு எல்லை உண்டு என்பதை ஒப்புக்கொண்ட பொறியாளரின் அடக்கம் அது.

நம்பிக்கையை அறுத்த கம்பி

1876ஆம் ஆண்டு பாலத்திற்கான கம்பியை வாங்கும் காலம் வந்தது. அவ்வாண்டிலேயே ரோப்ளிங் மக்களின் ஆலை ‘ஜான் ஏ. ரோப்ளிங் புதல்வர்கள் குழுமம்’ என முறைப்படி பதிவு பெற்றது. பாலப்பணியில் பொறுப்பு வகிப்பவருக்குப் பங்குள்ள நிறுவனம் எதுவும் ஒப்பந்தம் பெறலாகாது என்று, பால நிருவாகக் குழுவில் இருந்த ஆப்ரம் ஹெவிட் முன்மொழிந்தார். தம் மீது ஐயம் எழலாகாது எனக் கருதிய வாஷிங்டன், குடும்ப நிறுவனத்தில் தமக்கிருந்த பங்குகளை விற்றார். எனினும், முதன்மை வடங்களுக்கான கம்பியை வழங்கும் ஒப்பந்தம் புரூக்ளினைச் சேர்ந்த ஜே. லாயிட் ஹேக் என்பவருக்குச் சென்றது. அவரைப் பற்றி வாஷிங்டன் முன்னரே எச்சரித்திருந்தும் பயனில்லை.

ஒவ்வொரு கம்பியும் ஏறத்தாழ 1,500 கிலோகிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பது விதி. ஆய்வாளர்கள் ஹேக்கின் ஆலைக்கே சென்று கம்பிச் சுருள்களைச் சோதித்தனர். தேறியவற்றுக்குச் சான்று அளித்தனர், தேறாதவற்றை ஒதுக்கினர். ஆயினும், பாலத்திற்கு வந்த கம்பிகளுள் சில எளிதில் ஒடிந்தன. ஐயுற்ற பொறியாளர்கள் 1878ஆம் ஆண்டின் கோடையில் மறைவாக ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. சான்று பெற்ற சுருள்களை ஏற்றிய வண்டி நேரே பாலத்திற்குச் செல்லவில்லை. வழியில் ஒரு கட்டடத்தினுள் நுழைந்தது. அங்கே நல்ல சுருள்கள் இறக்கப்பட்டு, ஒதுக்கப்பட்ட சுருள்கள் ஏற்றப்பட்டன. சான்றுத்தாள் மட்டும் மாறவில்லை. இறக்கப்பட்ட நல்ல சுருள்களோ ஆலைக்குத் திரும்பி, மீண்டும் சோதிக்கப்பட்டு, மீண்டும் சான்று பெற்றன!

இதற்குள் இருநூறு டன்னுக்கும் மேற்பட்ட தரமற்ற கம்பி வடங்களில் இடம்பெற்றுவிட்டது. நெய்த வடத்திலிருந்து அதனைப் பிரித்தெடுத்தல் இயலாத செயல். நோய்ப்படுக்கையில் இருந்த வாஷிங்டன் கணக்கிட்டார். ஆறு மடங்காக இருக்க வேண்டிய உறுதி குறைந்திருந்தாலும், ஐந்து மடங்குக்குக் கீழே செல்லவில்லை என்று கண்டார். அதற்கு ஈடாக வடம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 150 நல்ல கம்பிகளை ஹேக்கின் செலவிலேயே கூடுதலாகச் சேர்க்கச் செய்தார். பணி தொடர்ந்தது. 1883ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் பாலம் திறக்கப்பட்டது. அன்று ஒளித்துவைக்கப்பட்ட தரமற்ற கம்பிகள் இன்றும் அவ்வடங்களுக்குள் இருக்கின்றன, பாலமும் நிற்கிறது.

இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது யாது? தன்னலம் புகாதிருக்க விதி வகுத்தது சரியே. ஆய்வாளரை அமர்த்தியதும் சரியே. ஆனால், சோதனைக்கூடத்திற்கும் பணியிடத்திற்கும் இடைப்பட்ட வழியை எவரும் கவனிக்கவில்லை. சான்று என்பது தாளில் இருப்பதன்று; சோதிக்கப்பட்ட பொருளும் பயன்படுத்தப்படும் பொருளும் ஒன்றே என்னும் உறுதியில் இருப்பது. அவ்வுறுதி குலைந்த இடத்திலும் மக்களைக் காத்தது, ஆறு மடங்கு என்று முன்கூட்டியே வைத்த காப்பு அளவுதான். ஒருவர் செய்த பொய்யை மற்றொருவரின் முன்னெச்சரிக்கை தாங்கி நின்றது எனலாம்.

ஆலைக்கென ஓர் ஊர்

நிறுவனரின் மற்ற மக்களான ஃபெர்டினாண்ட் வணிகத்தையும் சார்லஸ் பொறியியலையும் கவனிக்க, நிறுவனம் மேன்மேலும் வளர்ந்தது. அந்நிறுவனம் அதுவரை எஃகைப் பிறரிடமிருந்து வாங்கிக் கம்பியாக்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஃகு உற்பத்தி ஒரு சில பெருநிறுவனங்களின் கைக்குள் சென்றது; அவையே கம்பியும் செய்தன. மூலப்பொருளுக்குப் போட்டியாளரை நம்பியிருத்தல் இடர் தரும் என உணர்ந்த ரோப்ளிங் மக்கள், தங்களுக்கென எஃகாலை அமைக்க முடிவு செய்தனர். ட்ரென்டனுக்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், டெலவர் ஆற்றங்கரையில் 1905ஆம் ஆண்டு பணி தொடங்கியது.

அங்கே ஆலை மட்டும் இருந்தால் போதாது. தொழிலாளர் தங்க இடம் வேண்டும். ஆகவே, சார்லஸின் மேற்பார்வையில் ஓர் ஊரே எழுந்தது. அதன் பெயரும் ரோப்ளிங். மரங்கள் வரிசையாக நின்ற அகன்ற தெருக்கள், செங்கல் வீடுகள், கடை, பள்ளி, நூலகம், வங்கி எல்லாம் அமைந்தன. அங்கேரி, உருமேனியா, போலந்து, சுவீடன் முதலிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் அங்கே குடியேறின.

அவ்வூரில் வாழ்ந்தோருக்கு வாடகை குறைவு. வீடு செம்மையாகப் பராமரிக்கப்பட்டது. எனினும், வேலையும் வீடும் ஒரே முதலாளியின் கையில் இருந்தன. வேலை போனால் வீடும் போகும் என்னும் அச்சம் அந்நல்வாழ்வின் மறுபக்கம். ஆலைக்குள்ளே உருகிய எஃகின் வெப்பமும், அமிலத் தொட்டிகளின் ஆவியும், விரைந்தோடும் கம்பி தரும் இடரும் நாள்தோறும் அவர்களைச் சூழ்ந்திருந்தன. 1947ஆம் ஆண்டில் நிறுவனம் அவ்வீடுகளை விற்றபோது, குடியிருந்தோரே பலவற்றை வாங்கி உரிமையாளராயினர்.

உச்சமும் ஓர் எச்சரிக்கையும்

சார்லஸும் ஃபெர்டினாண்டும் மறைந்தபின் அடுத்த தலைமுறையினர் பொறுப்பேற்றனர். அவர்களுள் தலைவராயிருந்தவர் 1921இல் காலமானதும், முதியவரான வாஷிங்டனே மீண்டும் அழைக்கப்பட்டார். 84ஆம் அகவையில் நிறுவனத்தின் தலைமையை ஏற்ற அவர், ஆலையில் நீராவிக்கு மாற்றாக மின்னாற்றலைப் புகுத்தினார். 1926இல் மறையும்வரை பணிபுரிந்தார்.

அதன்பின் வந்த பதினோர் ஆண்டுகளே நிறுவனத்தின் புகழ் உச்சியைத் தொட்ட காலம். நியூயார்க்கில் 1931இல் திறக்கப்பட்ட ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், 1,067 மீட்டர் இடைவெளியுடன் அதற்கு முன்னிருந்த எல்லாத் தொங்குபாலங்களையும் விஞ்சியது. அதன் நான்கு வடங்களுள் ஒவ்வொன்றிலும் 26,474 கம்பிகள் உள்ளன. 1937இல் சான் பிரான்சிஸ்கோவில் திறக்கப்பட்ட கோல்டன் கேட் பாலத்தின் இரு வடங்களுள் ஒவ்வொன்றிலும் 27,572 கம்பிகள் உள்ளன. வடத்தின் விட்டம் 92 சென்டிமீட்டருக்கும் மேல். அப்பாலத்தின் வடங்களில் உள்ள கம்பியின் மொத்த நீளம் ஏறத்தாழ 1,29,000 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டைச் சுற்றினால் மூன்று சுற்றுக்கும் மிகும். கடற்காற்று வீசும் அந்நீரிணையின் மேல், இவ்வளவு கம்பியையும் ரோப்ளிங் நிறுவனத்தார் ஏழு மாதங்களுக்குள் நெய்து முடித்தனர்.

எனினும், ரோப்ளிங் கம்பி எல்லா இடங்களிலும் குறையின்றி நிலைத்தது என்று கூறிவிட முடியாது. 1903இல் திறக்கப்பட்ட நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்திற்கு வடங்கள் அமைத்ததும் இந்நிறுவனமே. அப்பாலத்தின் வடிவமைப்பில் கம்பிகளுக்குத் துத்தநாகப் பூச்சு இடம்பெறவில்லை. எண்ணெய்ப் பூச்சே போதும் எனக் கருதப்பட்டது. சில ஆண்டுகளிலேயே ஈரம் புகுந்து துருப்பிடிக்கத் தொடங்கியது. பிற உறுப்புகளும் பராமரிப்பின்றிப் பழுதுற்ற நிலையில், 1988ஆம் ஆண்டு அப்பாலம் சில காலம் மூடப்பட்டது. பின்னர்ப் பெருஞ்செலவில் வடங்களைப் பிரித்து, எண்ணெயிட்டு, புதுப்பித்தனர். வலிமை மிக்க கம்பியும் காப்பின்றேல் தேயும் என்பதற்கு இது சான்று.

ஆலையின் ஓய்வு

இரண்டாம் உலகப் போருக்குப்பின் நிலைமை மாறியது. எஃகுத் தொழிலில் புதிய எந்திரங்களுக்குப் பெருமுதல் தேவைப்பட்டது. அளவில் பெரிய நிறுவனங்களோடு ஒரு குடும்ப நிறுவனம் போட்டியிடுதல் அரிதாயிற்று. தலைமுறைகள் கடந்ததால் பங்குகளும் பலரிடம் பிரிந்திருந்தன. நூறாண்டுகளுக்கு மேல் குடும்பத்தின் கையில் இருந்த நிறுவனம், 1953ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொலராடோ எரிபொருள் இரும்பு நிறுவனத்திற்குக் கைமாறியது. 1974இல் ஆலை மூடப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அதனையே நம்பி வாழ்ந்த குடும்பங்கள் வேறு வேலை தேடின.

ஆலை விட்டுச் சென்றவை நல்லவை மட்டுமல்ல. நெடுங்காலம் பயன்படுத்திய வேதிப்பொருள்களாலும், ஈயம் முதலிய உலோகங்களாலும் அம்மண் மாசடைந்திருந்தது. 1983இல், நாட்டில் உடனே தூய்மைசெய்ய வேண்டிய இடங்களின் பட்டியலில் அமெரிக்க அரசு அதனைச் சேர்த்தது. தூய்மைப் பணி பல்லாண்டுகள் நீடித்தது. அன்று தொழிலாளர் நாள்தோறும் கடந்து சென்ற ஆலையின் முகப்பு வாயிற்கட்டடம் புதுப்பிக்கப்பட்டு, 2009ஆம் ஆண்டு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அவ்வூரின் செங்கல் வீடுகளில் இன்றும் மக்கள் வாழ்கின்றனர்.

நிறைவாக

ஆலை ஓய்ந்துவிட்டது. ஆனால், அதன் கம்பிகள் ஓயவில்லை. நாள்தோறும் பல்லாயிரம் வண்டிகளை அவை தாங்கிக்கொண்டுள்ளன. ஒரு நிறுவனம் மறைந்தபின்னும் அதன் பொருளை மக்கள் நம்பலாம் என்றால், அந்நம்பிக்கை விளம்பரத்தால் வந்ததன்று. ஒவ்வொரு சுருளையும் சோதித்தவர், குறை கண்டபோது மறைக்காது ஒதுக்கியவர், ஆறு மடங்கு வேண்டும் என்று கணக்கிட்டவர், பிறர் பொய்யைத் தம் கணக்கால் ஈடுசெய்தவர் என எண்ணற்றோர் கடமையுணர்வால் வந்தது.

நாளை உங்களுள் சிலர் பொறியாளர் ஆகலாம். சிலர் மருந்து செய்யலாம். சிலர் ஆய்வாளராகச் சான்று அளிக்கலாம். சிலர் உணவு சமைக்கலாம். எத்தொழிலாயினும் அதன் விளைபொருளைப் பயன்படுத்துவோர் உங்களை நேரில் காணப்போவதில்லை. வடத்தின் உட்புறத்தில் கிடக்கும் கம்பியைப் போல, உங்கள் உழைப்பும் எவர் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் சுமை தாங்கும். அங்கே அது உறுதியாக இருத்தல் வேண்டும். நெஞ்சறிந்த நேர்மையே அவ்வுறுதியின் முதற்புரி.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் மக்கள் நாள்தோறும் பயன்படுத்தும் பாலம், மேல்நிலை நீர்த்தொட்டி, மின்தூக்கி ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அது எப்போது அமைக்கப்பட்டது, எவரால் பராமரிக்கப்படுகிறது எனக் கேட்டறிந்து குறிப்பு எழுதுக.

2. ‘சான்றுத்தாள் மட்டும் மாறவில்லை’ என்னும் தொடரை அடிப்படையாகக் கொண்டு, தரச்சான்றின் தேவையையும் அதன் எல்லையையும் பற்றி வகுப்பில் கலந்துரையாடுக.

3. தொழிலாளருக்கு நிறுவனமே வீடு கட்டித் தருவதன் நன்மை தீமைகளை இரு குழுக்களாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

4. நார், புரி, கயிறு, வடம், முறுக்கு, திரித்தல் ஆகிய சொற்கள் உங்கள் பகுதியில் எவ்வெப்பொருளில் வழங்குகின்றன எனத் தொகுத்து அட்டவணைப்படுத்துக.